கம்பத்தில் பூட்டிய வீடுகள்

கம்பத்துக்குப் போகிறேன் என்று ஈப்போவில் சொன்னபோது பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலேசியாவில் நாங்கள் கிராமத்தைத்தான் கம்பம் என்போம். "எந்தக் கம்பம்?" என்று கேட்டார். தமிழ்நாட்டில், தேனிக்கு அந்தப் பக்கம், கேரள மலைக்குக் கீழே ஓர் ஊருக்கே அதுதான் பெயர் என்றேன். என் வீட்டுக்காரர் பிறந்த ஊர். முப்பது வருடம் ஈப்போவில் பரோட்டாக் கடை நடத்தி, கடைசிக் காலத்தை ஊரில் கழிக்கலாம் என்று அங்கே ஒரு வீட்டைக் கட்டினார். கட்டி முடித்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த வீட்டை விற்றுவிட்டு வருவதுதான் என் வேலை. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன், "யாருக்காவது பவர் எழுதிக் கொடுத்துட்டா போதாதாம்மா?" என்றான். போதும்தான். எனக்குத்தான் எங்காவது போக ஒரு காரணம் தேவைப்பட்டது.

தேனியில் ஏறிய பேருந்து சின்னமனூர் தாண்டியதும் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. நடத்துனர் எங்களைப் பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் திணித்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புது நடத்துனரிடம் நோட்டை நீட்டினேன். "பொம்பளைகளுக்குக் காசு கெடையாதும்மா" என்று கையைத் தள்ளினார். நான் வெளிநாட்டுக்காரி ஆயிற்றே, எனக்கு அது செல்லுமா என்று கேட்டேன். "பொம்பளதான நீங்க?" என்றார். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். விமானம் இறங்கியதிலிருந்து வேலை விஷயமாக இல்லாமல் ஒருவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

வீட்டுப் பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, கல்லால் இரண்டு தட்டு தட்டித்தான் திறந்தேன். ஆறு அறைகள். குளியலறைக் குழாய்களில் கடைக்காரர் சுற்றிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. ஓர் அறையைக் கூட்டிப் பாயை விரித்தேன். மற்ற ஐந்தையும் சாத்திவிட்டேன். சத்தம் போட்டு இருமினால் வீடு திரும்ப இருமியது.

விளக்கைப் போட்டுக் கால் மணி நேரம் ஆகியிருக்காது. கதவருகே ஒரு பெண்குரல் அதட்டியது.

"யாரு உள்ள?"

"வீட்டுக்காரங்க."

"வீட்டுக்காரவுக செத்துப் போயிட்டாகளே!"

"அவரோட சம்சாரம்" என்றேன்.

ஓங்கியிருந்த விளக்குமாற்றை அந்தப் பெண் மெதுவாகக் கீழே இறக்கினார். "அய்யய்யோ, மன்னிச்சுக்கங்கக்கா. பதினோரு வருசமா ஆளில்லாத வீடா, களவாணிப் பயதேன் புகுந்துட்டான்னு நெனச்சிட்டேன்" என்றார். பெயர் பாண்டியம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். என் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் கரையில் வரிசையாக ஓரறை வீடுகள், அவற்றில் ஒன்று அவருடையது. போன வேகத்தில் ஒரு தூக்குவாளியில் மொச்சைக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தார். அதை நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்படி ருசியாக ஒன்றைச் சாப்பிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் ஐந்தரைக்கு ஹாரன் சத்தத்தில் விழித்தேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் வாய்க்கால் கரை முழுக்க ஜீப்புகள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டைக் கட்டிய பெண்கள், ஒரு ஜீப்புக்குப் பதினைந்து பேர் என்று ஏறிக்கொண்டிருந்தார்கள். மலையேறிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். ஒவ்வொருவருக்கும் ஜீப்பில் இன்ன இடம் என்று உண்டு. பாண்டியம்மாளுக்குப் பின்கதவோரம். ஆறு மணிக்குத் தெருவில் ஒரு சத்தம் இல்லை. பல கதவுகளில் பூட்டு தொங்கியது.

முக்குக் கடையில் பரோட்டா சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் போட்டதைவிட நன்றாக இருந்தது. அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லி ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டிருக்கலாம். எதிர் மேசைக்காரர் தலையைத் தூக்காமல் செல்பேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பால் ஊற்றாத கட்டன் சாயா ஒன்று குடித்துவிட்டு எழுந்தேன்.

வீடு பார்க்க வந்த தரகர் எல்லா அறையையும் தட்டிப் பார்த்தார். பிறகு பின்பக்கச் சன்னலைத் திறந்து வாய்க்கால் கரையைக் காட்டினார். "ஒரு மாசம் பொறுங்கம்மா. இந்த வீடுகள எடுக்கப் போறாக. எடுத்துட்டா ஒங்க வீட்டுக்கு நல்ல வெலை வரும்." நேற்றைய குழம்பு வாளியைக் கழுவி அந்தச் சன்னலில்தான் கவிழ்த்து வைத்திருந்தேன். தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் கிடையாது. அன்று சாயங்காலம் ரேஷன் கடை முன்னால் தெருக்கூட்டம். வாய்க்கால் கரையைக் காலி செய்கிறவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு உண்டு. ஆனால் கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அதற்குப் போவதா, இருக்கிற இடத்துக்கே பட்டா கேட்பதா என்பதுதான் பேச்சு. என்னை ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

மளிகைக்கடை செல்வின் முதலில் எழுந்தார். வாய்க்காலுக்கு எதிர்ப்புறம் மெயின் ரோட்டில் அவருக்குக் கடை. "யாரையும் வெறுத்துப் பேசல. மழை பெஞ்சா வாய்க்கா எங்கிட்டுப் போகும்? எங் கடைக்குள்ளதேன் வருது. ஒங்க வீட்டுக்குள்ளயும்தேன் வருது. மாடி வீடு குடுக்குறாகள்ல, போக வேண்டியதுதான?"

"வீடு குடுப்பாக. ஜீப்பும் குடுப்பாகளா?" என்றாள் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி. "அம்புட்டுத் தொலைவுக்கு எந்த ஜீப்பு வந்து ஏத்தும்? மாடியில நின்னு மலைய வேடிக்கை பாக்கவா?"

ஓர் ஆட்டோக்காரருக்கு வேறு கவலை. "அங்கன கக்கூசு வீட்டுக்குள்ளயே இருக்கு. எந்தங்கச்சி இன்னும் எத்தன வருசத்துக்கு இருட்டோட எந்திரிச்சு ஓடணும்? ஜீப்பு வராட்டி என்ன, நான் ஆட்டோவுல கொண்டாந்து விடுறேன்."

"தெருப்பூராத்தையும் ஒரு ஆட்டோவுலயா?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது.

அப்போதுதான் பாண்டியம்மாள் எழுந்தார். "பிளாட்டா பட்டாவான்னு நீங்க சண்டை போடுறீக. எம் பேரே லிஸ்டுல இல்லியே! பூட்டுன வீடு, ஆள் குடியில்லன்னு எழுதிட்டுப் போயிட்டாக. பதினோரு மணிக்கு வந்தா நான் எங்கன இருப்பேன்? வண்டன்மேட்டுல குனிஞ்சு காய் எடுத்துக்கிட்டு இருப்பேன். பத்தொம்பது வருசமா அங்கனதேன் குடியிருக்கேன். எனக்குப் பிளாட்டும் இல்ல, பட்டாவும் இல்ல. ரோடுதேன்."

அவரோடு இன்னும் நாலைந்து பேரும் அதையே சொன்னார்கள். வீட்டில் மாமியாரோ படிக்கிற பிள்ளையோ இருந்தவர்கள் தப்பித்திருந்தார்கள். ஒற்றை ஆளாக வாழ்கிறவர்களின் கதவுகள்தான் மாட்டிக்கொண்டன. திங்கள், செவ்வாய், புதனில் ஏதோ ஒரு நாள் மறுபடி வருவார்கள், அதுதான் கடைசி என்று செல்வின் அறிவித்தார்.

பேச்சு என் பக்கம் திரும்பியது. "மலேசியாக்காரம்மா, ஒங்க ஊருல எப்படி?" என்றார்கள்.

ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் நான். தோட்டத்தை விற்றபோது எங்களையும் கிளப்பி, அடுக்குமாடியில் ஐந்தாவது தளத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். லிப்ட் ஓடிய நாள் குறைவு. அப்பா முதலில் தினமும் இறங்கினார், பிறகு வாரத்துக்கொரு தரம், அப்புறம் இறங்கவே இல்லை. அம்மாவோ வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் குழாயும் வந்ததைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதார். இரண்டையும் சொன்னேன். "பாத்தீகளா, அப்பாவக் கொன்னே போட்டுருச்சு" என்றது ஒரு பக்கம். "அவுக ஆத்தா எம்புட்டுச் சந்தோசப்பட்டிருக்காக பாரு" என்றது மறுபக்கம். என் பேச்சை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டு கூட்டம் கலைந்தது.

திங்கட்கிழமை பாண்டியம்மாள் ஜீப்பை விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அன்று சாயங்காலம் ஜீப் டிரைவர் வந்து, நாளைக்கும் இல்லையென்றால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேலும் தப்பில்லை. தோட்டத்தில் ஆள் குறைந்தால் அவரைத்தான் கேட்பார்கள்.

பாண்டியம்மாள் என் வாசலில் வந்து நின்றார். "அக்கா, தப்பா எடுத்துக்கிறாதீக. நாளைக்கு ஒங்களுக்கு வேலை எதுவும் இருக்கா?"

எனக்கு வேலை எதுவும் இல்லை. வருடக்கணக்காகவே இல்லை.

"எங் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உள்ள சும்மா உக்காந்திருந்தீகன்னா போதும். கார்டு எல்லாம் டப்பாவுல இருக்கு. வந்தாகன்னா காட்டுங்க."

புதன்கிழமை ஆறு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். நல்ல சேலை கட்டி, வளையல் போட்டு, தலையைப் படிய வாரியிருந்தேன். அரசாங்க ஆள் வரும்போது மரியாதையாக இருக்க வேண்டும் என்று எண்ணம். ஒரு கட்டில், ஒரு டிவி, துலக்கி அடுக்கிய பாத்திரங்கள், மதுரையில் நர்சிங் படிக்கும் மகளின் படம். வாய்க்கால் நாற்றம் அடித்தது உண்மை. ஆனாலும் பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஒரு கிழவர் ரேடியோவோடு பேசிக்கொண்டிருந்தார். யாரோ துணி துவைத்தார்கள். ஆறு அறை வீட்டில் கண்ணே மூடாதவள், அந்தக் கட்டிலில் பத்து மணிக்கு அசந்து தூங்கிப்போனேன்.

கணக்கெடுக்க வந்த பெண் எழுப்பித்தான் விழித்தேன். சின்னப் பெண், வெயிலில் முகம் கருத்திருந்தது. கையில் டேப்லெட்.

"இது யார் வீடும்மா?"

"பாண்டியம்மாள் வீடு. வேலைக்குப் போயிருக்காங்க." டப்பாவைத் திறந்து ரேஷன் கார்டைக் காட்டினேன்.

"ஆள் நேர்ல இருக்கணும்மா. நீங்க யாரு?"

"தெரிஞ்சவங்க. வீட்டைப் பார்த்துக்கிறேன்."

அவள் என் வளையலைப் பார்த்தாள், மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள், கலைந்து கிடந்த கட்டிலைப் பார்த்தாள். "இதுல உரிமையாளர், வாடகைதாரர், பூட்டிய வீடுன்னு மூணுதாம்மா இருக்கு. தெரிஞ்சவகன்னு ஒண்ணும் இல்ல" என்று சொல்லி எதையோ தட்டினாள். எதைத் தட்டினாய் என்று நான் கேட்கவில்லை. வாசலில் நிறுத்திப் படம் எடுத்தாள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். சாயங்காலம் பாண்டியம்மாளிடம், "எல்லாம் முடிஞ்சது, போட்டோவே எடுத்துட்டாங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பச்சை ஏலக்காய் நாலை என் உள்ளங்கையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை ரேஷன் கடைச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். பாண்டியம்மாள் வீட்டு எண்ணுக்கு நேரே, "வாடகைதாரர் வசிக்கிறார், உரிமையாளர் வேறிடத்தில்" என்று இருந்தது. பூட்டிய வீடாக இருந்ததை, சொந்தக்காரி வாடகைக்கு விட்டுவிட்டுப் போன வீடாக நான் மாற்றியிருந்தேன். முன்பாவது ஆள் இல்லை என்று எழுதியிருந்தார்கள், இப்போது ஏமாற்றுக்காரி என்று எழுதிவிட்டார்கள். சுவரின் முன்னால் நின்ற எனக்கு அன்றைக்கே ஈப்போவுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

பாண்டியம்மாள் என்னைத் திட்டவில்லை. ஒருத்தி வாசித்துக் காட்டியதை இரண்டு தரம் கேட்டுவிட்டு, "திங்கக்கெழமை மண்டபத்துல ஆட்சேபம் சொல்லலாமாம். வாறீகளாக்கா?" என்றார். ஞாயிறு இரவு டிரைவருக்குப் போன் செய்து, நாளைக்கு வரமாட்டேன் என்றார். பேச்சு அரை நிமிடத்தில் முடிந்தது. ஜீப்பில் இருந்த இடம் போய்விட்டது என்று முகத்தில் தெரிந்தது.

திங்கட்கிழமை கல்யாண மண்டபத்தில் விசாரணை. மாலை மாற்றும் மேடையில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். கீழே நாற்காலிகளில் எங்கள் தெரு. அலுப்பும் பொறுமையும் கலந்த மனிதர் அவர். பாண்டியம்மாள் கார்டை நீட்டினார்.

"கார்டு எல்லார்கிட்டயும் இருக்கும்மா. கார்ட இங்கன வச்சுக்கிட்டு வீட்ட வாடகைக்கு விட்டவுக நெறையப் பேரு. இந்தா, போட்டோவுல குடியிருக்கறவுக இருக்காகளே."

"அது நான்தான். நான் வாடகைக்கு இல்லை. அவங்க கேட்டாங்கன்னு ஒருநாள் உட்கார்ந்தேன்" என்றேன்.

"அப்ப கம்பத்துல நீங்க எங்க தங்கியிருக்கீங்க?"

"என் வீட்டில்."

"வீடு இருக்கா? அதுக்கு ஏதாவது காயிதம் இருக்கா?"

தரகரிடம் காட்டுவதற்காகப் பத்திர நகலைப் பையிலேயே வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெயர் கூப்பிட மேசையில் வைத்திருந்த மைக் அணைக்கப்படவில்லை என்பதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

"அதே வாய்க்காலுக்குப் பின்னாடிதான். எத்தன ரூம்?"

"ஆறு."

"யாரு குடியிருக்காக?"

"யாரும் இல்லை."

"எத்தன வருசமா?"

"பதினோரு வருஷமா."

என் குரல் மண்டபத்து ஒலிபெருக்கி நாலிலும் கேட்டது. பிறகு பின்வரிசையில் ஒருவர், யாரையும் பார்த்துச் சொல்லாததுபோல், "ஏலே, பூட்டுன வீடுன்னா இதுதாண்டா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

அதிகாரி எழுதினார். ஆறு அறை வீட்டுக்குச் சொந்தக்காரி வாய்க்கால் கரையில் வாடகைக்கு இருக்க முடியாது. அதனால் அந்த ஓரறை வீட்டில் இருப்பவர் பாண்டியம்மாள்தான். பெயரைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். முழுதாகப் பத்து நிமிடம் ஆகவில்லை.

வெளியே வெயில். இரண்டு பேரும் தெருவைப் பார்த்து நடந்தோம். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கும் கொஞ்சம் பாரம் இறங்கும்.

கடைசியில் நானே சொன்னேன். "என்னால உங்க ஜீப் சீட்டு போயிடுச்சு, பாண்டியம்மா."

"சீட்டு கெடக்கட்டும்க்கா. வேற ஜீப்புல ஏறிக்கிறலாம். அதுக்கா ஒங்க மொகம் இப்பிடி வாடிக் கெடக்கு?"

"மண்டபத்துல எல்லாரும் என்னைப் பார்த்தாங்க."

அவர் நின்றார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"நான் வேற ஒண்ண நெனச்சுக்கிட்டே வாறேன். எங்களக் கெளப்புனா தெருவோட கெளப்புவாக. எந்த மாடியில கொண்டுபோய் வச்சாலும் செவுத்துக்கு அங்கிட்டு ஆளு இருக்கும். அம்புட்டுப் பெரிய வீட்டுல நீங்க எப்பிடிக்கா ஒத்தையில படுத்து எந்திரிக்கிறீக?"

கேலி இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கம்பத்து வெயிலில், நடுரோட்டில், பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நான் வாய்விட்டு அழுதேன். ஆட்டோக்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.